விடைபெற நூற்றைம்பது பவுண்டு

கேரி, வட கரோலினா
12.5.2025

அன்புள்ள ராமலிங்கம்,

கடிதம் கிடைத்தது. ஆகஸ்டில் நியூ ஜெர்சி எடிசன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கம் போய்விடுவது, அதற்கு முன் ஜூலையில் பேத்தி யாழினியைக் கூட்டிக்கொண்டு, காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற மகனுடைய வீட்டு டிரெய்லரில் நண்பர்கள் வீடு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவது. நல்ல யோசனைதான். யார் வீட்டிலும் படுக்கை கேட்க வேண்டாம், பாத்ரூமுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மூன்று குளிர்காலமாக அசையாமல் நிற்கிற வண்டி என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் டயர். பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வருகிற கடைசி நான்கு எண்களைப் பார். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டை புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டிரெய்லர் டயரை நம்பாதே. ஓடித் தேய்வதை விட, நின்றே ரப்பர் உலர்ந்து உள்ளே பிரிந்துபோவதுதான் அதிகம். நெடுஞ்சாலையில் வெடிக்கும்போது சக்கரத்துக்கு மேலே உள்ள தரையையும் கிழித்துக்கொண்டு போகும். புதிது வாங்கும்போது டிரெய்லருக்கென்றே செய்கிற ST வகை டயராகவே வாங்கு. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரெய்லர் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவுக்குப் பிடி. புதுச் சக்கரம் மாட்டினால் ஐம்பது மைல் ஓடியபின் வீல் நட்டுகளை, இறுக்கத்தின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். அப்படியே சக்கர பேரிங்கைக் கழற்றிப் பழைய கிரீஸை எடுத்துவிட்டுப் புதிது வைக்கச் சொல். நின்ற வண்டியில் ஈரம் இறங்கித் துரு பிடித்திருக்கும்.

அடுத்தது பேட்டரி. குளிரில் முழுக்க இறங்கிப்போன பேட்டரி சார்ஜ் ஏறியதுபோல் காட்டும், ராத்திரி இரண்டு மணிக்குக் கைவிடும். விளக்குக்கு மட்டும் இல்லை, கொக்கி கழன்றுவிட்டால் பிரேக்அவே கம்பி இழுபட்டு டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைப்பதும் இதே பேட்டரிதான். அது செத்திருந்தால் கம்பி வெறும் கம்பி.

ஹீட்டரைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா என்று பார். கூரை ஓரங்களில் பூசியிருக்கும் சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று ஏணி போட்டுப் பார். காஸ் டிடெக்டர் பின்னால் காலாவதித் தேதி இருக்கும், தாண்டியிருந்தால் மாற்று. தண்ணீர்த் தொட்டிக்கு 15 காலனுக்குக் கால் கப் வாசனையில்லாத பிளீச். உன்னுடையது 30 காலன் என்றால் அரை கப். நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாடை வரும்வரை திறந்து விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, இரண்டு முறை அலசிக் கொட்டு. வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று வெந்நீர்க் குழாயைத் திறந்து உறுதி செய்தபின்தான் அதன் மின் சுவிட்சைப் போட வேண்டும். காலியாக இருக்கும்போது போட்டால் உள்ளே இருக்கிற எலிமென்ட் சில நொடிகளில் எரிந்துவிடும். குளிர்காலத்துக்காக, ஹீட்டருக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கிற பைபாஸ் வால்வைத் திருப்பி வைத்துவிட்டு மறந்தவர்கள் எல்லோரும் இதில்தான் மாட்டுவார்கள்.

இனி எடை. இதை நீ இரண்டு தடவை படித்தாலும் தப்பில்லை.

நீ எழுதிய கணக்குப்படி டிரெய்லர் காலி எடை 3,100 பவுண்டு, தாங்கும் மொத்த எடை 3,800. ஏற்றிக்கொள்ள 700 இருக்கிறது என்று சந்தோஷப்படாதே. இரண்டு காஸ் சிலிண்டரும் பேட்டரியும் 130 பிடிக்கும். தண்ணீர் காலனுக்கு 8.3 பவுண்டு. தொட்டியை நிரப்பினால் 250 போய்விடும், அதனால் வழியில் டாய்லெட்டுக்கு ஐந்து காலன் மட்டும் வைத்துக்கொள், 40 பவுண்டு. படுக்கை, பாத்திரம், அடுப்பு, நாற்காலி, ஹோஸ், மட்டம் வைக்கும் பலகைகள், உடுப்பு எல்லாம் சேர்ந்து எப்படியும் 380. மிச்சம் நூற்றைம்பது பவுண்டு, அவ்வளவுதான்.

அதை எது தின்னும் தெரியுமா? நாம்தான். சொல்லிக்கொள்ள வந்தவனை நம்மவர்கள் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். ஒரு வீட்டில் குத்துவிளக்கு, ஒரு வீட்டில் ஊறுகாய் ஜாடி, "ஊருக்குப் போறீங்களே, என் தங்கச்சிகிட்ட குடுத்துடுங்க" என்று ஒரு பெட்டி. எல்லாவற்றையும் பின்கதவு வழியாக வாங்கிப் பின்கட்டிலிலேயே வைப்பாய். சிக்கல் அங்கேதான். டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கிப் பந்தில் அழுத்துகிற எடை, டங் வெயிட் என்பார்கள், மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 3,700 பவுண்டு வண்டிக்கு 370 முதல் 555. பின்னால் ஏற்ற ஏற்ற மூக்கு தூக்கும். பத்துக்குக் கீழே போனால் லாரி ஒன்று கடந்துபோகும் காற்றுக்கே டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கி, காரையும் சேர்த்து ஆட்டும்.

ஆகவே கனமானது எதுவானாலும் அச்சுக்கு மேல் அல்லது சற்று முன்னால், தரையோடு. அதற்காக எல்லாவற்றையும் மூக்கில் குவித்துவிடாதே. டங் வெயிட் காரின் சுமைக் கணக்கிலும் சேரும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கும் எண்ணுக்குள் நீ, உன் மனைவி மீனாட்சி, யாழினி, காரில் இருக்கிற பெட்டிகள், கொக்கிச் சாமான், டங் வெயிட் அத்தனையும் அடங்க வேண்டும். இழுக்கும் திறன் 5,000 பவுண்டு என்று விளம்பரம் சொன்னாலும் முதலில் தீர்ந்துபோவது இந்தச் சுமைதான்.

கிளம்புவதற்கு முன் லாரி நிறுத்தத்தில் இருக்கும் எடைமேடையில் இரண்டு முறை ஏற்று. டிரெய்லரோடு ஒரு முறை, கழற்றிவிட்டுக் கார் மட்டும் ஒரு முறை. முதல் மொத்தத்தில் காரைக் கழித்தால் டிரெய்லர் எடை. டிரெய்லரோடு இருந்தபோது காரின் இரண்டு அச்சுகளில் விழுந்த எடையில், கார் தனியாக நின்ற எடையைக் கழித்தால் டங் வெயிட். எடையைச் சமன்படுத்தும் கம்பிகள் உன் கொக்கியில் இருந்தால் இந்த இரண்டாவது கணக்குக்கு அவற்றைக் கழற்றிவிட்டு நிறுத்து, மாட்டியிருந்தால் எண் குறைத்துக் காட்டும்.

ஆட்டம் வந்துவிட்டால் கார் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதே. ஆக்ஸிலரேட்டரை விடு, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியை அழுத்து. டிரெய்லர் பிரேக் மட்டும் பிடித்துப் பின்னால் இழுக்கும், வண்டி நேராகும். அந்தக் கைப்பிடி எங்கே என்று கண்ணால் தேடாமல் கை போகும்படி ஒரு காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் பத்துத் தடவை பழகிவிட்டு வா. சாலையில் 60-க்கு மேல் வேண்டாம். பல ST டயர்களின் வரம்பே 65 மைல்தான்.

யாழினி விஷயம். ஓடுகிற டிரெய்லருக்குள் குழந்தை ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, "பாட்டி, உள்ளே படுத்துக்கறேன்" என்று எவ்வளவு கெஞ்சினாலும். உள்ளே பெல்ட் கிடையாது, அலமாரிக் கதவு திறந்து பாத்திரம் பறக்கும். அவள் அம்மா அப்பா இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை வாங்கிய கடிதம் ஒன்று வைத்துக்கொள்: பயணத்துக்குச் சம்மதம், மருத்துவம் செய்யச் சம்மதம். கூடவே இன்ஷூரன்ஸ் அட்டை நகல், அலர்ஜிப் பட்டியல். பின்னோக்கி எடுக்கும்போது அவளை வழிகாட்டச் சொல்லாதே. அவள் மீனாட்சியோடு ஓட்டுநர் பக்கம், உன் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். தெரியவில்லையா, அங்கேயே நிறுத்து. வேலை கொடுக்காமலும் இருக்காதே. கிளம்பும் முன் படி மடக்கியாச்சா, கதவு பூட்டியாச்சா, ஜன்னல், காஸ் மூடியாச்சா, சங்கிலி குறுக்காக மாட்டியாச்சா, சக்கரக் கட்டை எடுத்தாச்சா என்று ஒரு அட்டையில் எழுதி அவள் கையில் கொடு. அவள் "சரி" சொன்னால்தான் வண்டி நகரும் என்று வைத்துக்கொள். பத்து வயதுப் பிள்ளைகள் நம்மை விடக் கறாராக இருப்பார்கள்.

நான்காம் வகுப்பு முடிக்கிறாள் அல்லவா? ஆகஸ்ட் 31 வரை தேசியப் பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு இலவசமாகப் போக அவளுக்கே பாஸ் உண்டு. இணையத்தில் எடுக்கும் சீட்டைத் தாளில் அச்சிட்டுக் கொண்டுவா. நீ 20 டாலர் கொடுத்து முதியோருக்கான ஓராண்டு பாஸும் எடுத்துவிடு. நுழைவுக்கு அவள் பாஸ் போதும், ஆனால் பூங்கா முகாம்களில் பாதிக் கட்டணம் உன் பாஸுக்குத்தான். ஸ்ரீரங்கம் போகிறவனுக்கு 80 டாலர் ஆயுள் பாஸ் எதற்கு?

வழி. ஐ-95 நெடுஞ்சாலையில் பால்டிமோர் வரும்போது ஃபோர்ட் மெக்ஹென்றி, ஹார்பர் சுரங்கங்கள் இரண்டிலும் பத்துப் பவுண்டுக்கு மேற்பட்ட காஸ் சிலிண்டர் போகக் கூடாது. உன்னுடையவை இருபது. முன்பெல்லாம் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகப் போவார்கள், 2024 மார்ச் 26-இல் கப்பல் மோதி அது இடிந்துபோனது. ஆகவே 695 சுற்றுச்சாலையில் ஏறி டவ்சன், கேடன்ஸ்வில் பக்கம் மேற்காகச் சுற்றி மறுபடி 95-ஐப் பிடி. போன் சுரங்கத்துக்கே இழுக்கும், கேட்காதே.

மேரிலாந்தில் கிரீன்பெல்ட் பார்க்கில் தங்கு. தேசியப் பூங்காத் துறையின் இடம், மரநிழல், ஆனால் மின் இணைப்பு கிடையாது. லேன்ஹம் முருகன் கோயிலும் சிவா விஷ்ணு கோயிலும் பக்கத்திலேயே. டிரெய்லரை முகாமில் விட்டுவிட்டுக் காரில் மட்டும் கோயிலுக்கும் நண்பர்கள் வீட்டுக்கும் போய் வா. எந்த வீட்டு வாசலுக்கும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகாதே என்பதுதான் என் அபிப்பிராயம். பல குடியிருப்புகளில் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் (எச்.ஓ.ஏ.) விதி டிரெய்லர் நிற்க விடாது. வாசல் சரிவில் பின்பக்கம் தரையில் உரசும். கராஜ் பிளக்கில் அடாப்டர் போட்டு ஏசியை ஓட்டினால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகி உருகும். நண்பருக்கும் அவர் அண்டை வீட்டுக்காரருக்கும் மனஸ்தாபம் உண்டாக்கிவிட்டுப் போவது விடைபெறுகிற அழகா? இன்னொன்று, கார் மட்டும் போனால் கொடுக்கிறவர் கையும் அளவோடு இருக்கும். முன்னாலேயே போனில் சொல்லிவிடு: தங்கச்சிக்கு அனுப்புகிற பெட்டி கப்பலில் போகட்டும், விளக்கு அவர்கள் வீட்டிலேயே எரியட்டும்.

அங்கிருந்து ஷெனன்டோவா தேசியப் பூங்கா, பிக் மெடோஸ் முகாம். சுமார் 3,500 அடி உயரம், ஜூலையிலும் ராத்திரி போர்வை வேண்டும். பூங்காவுக்குள் ஓடும் ஸ்கைலைன் டிரைவ் சாலையில் 35 மைல்தான் வேக வரம்பு. மேரிஸ் ராக் சுரங்கத்தின் உயரம் 12 அடி 8 அங்குலம், ஏசி உட்பட உன் வண்டி எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து டாஷ்போர்டில் ஒட்டிவிடு. மலை இறங்கும்போது தாழ்ந்த கியர். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். இங்கும் மின் இணைப்பு இல்லை. 100 ஆம்பியர்-ஹவர் ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், ஹீட்டர் விசிறி ஓடும்போது ஏழு ஆம்பியர் இழுக்கும், பார்த்துக்கொள். ஃபிரிட்ஜை காஸில் போடு. அது வேலை செய்ய டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும்: முதலில் இடவல மட்டம், பிறகு சக்கரக் கட்டை, பிறகுதான் கொக்கி கழற்றல், கடைசியாக முன்பின் மட்டம். மூலைகளில் இருக்கும் கால்கள் ஆடாமல் நிறுத்தத்தான், தூக்குவதற்கு இல்லை. இடத்துக்கு இந்நேரம் வார இறுதிகள் நிரம்பியிருக்கும். ஞாயிறு முதல் வியாழன்வரை தேடு, ரத்தாகிற இடங்கள் தினமும் வரும். யாழினிக்கு பர்ட் விசிட்டர் சென்டரில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் வாங்கிக் கொடு. முடித்தால் உறுதிமொழி சொல்லவைத்துப் பேட்ஜ் கொடுப்பார்கள், முடிக்க அரை நாளாவது வேண்டும். கரடி உண்டு. சாப்பிட்ட சாம்பார்ப் பாத்திரத்தை மேஜையில் விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.

சமையல் பற்றி மீனாட்சிக்கு. தாளிப்பது வெளியே. உள்ளே கடுகு வெடித்தால் புகை அலாரம் கத்தும். குக்கர், இட்லி வைத்தால் மேல் ஜன்னலைத் திறந்து விசிறி போடு, இல்லையென்றால் சுவரெல்லாம் நீர் கோக்கும். இட்லி மாவை டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், வண்டி குலுக்கலிலும் சூட்டிலும் அது மதியத்துக்குள் எழுந்து வெளியே வந்துவிடும். மஞ்சள், பாத்திரம் கழுவும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியில் பட்டால் போகாது. எண்ணெய்ப் பாத்திரத்தைத் தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், கழுவிய தண்ணீர் சேரும் கிரே டேங்க் நாறாது. நாம் தண்ணீர் உபயோகிப்பவர்கள், டாய்லெட் கழிவு சேரும் பிளாக் டேங்க்குக்கு அது நல்லதே, ஆனால் சீக்கிரம் நிறையும். கொட்டும்போது முதலில் பிளாக், பிறகு கிரே, சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். கழிவுநீர்க் குழாயும் சேர்ந்த முழு இணைப்புள்ள இடத்தில் பிளாக் வால்வைத் திறந்தே வைக்காதே. தண்ணீர் ஓடிப்போய் மற்றது மலையாக நின்றுவிடும்.

இங்கே கேரிக்கு வரும்போது ஜோர்டன் ஏரி முகாமில் மின்சாரமும் தண்ணீரும் உள்ள இடமாகப் பார்த்து எடு. யாழினிக்கு வெண்தலைக் கழுகு பார்க்கக் கிடைக்கும். எங்கள் தெருவிலும் டிரெய்லர் நிற்க விடமாட்டார்கள், அதனால் நாங்களே ஏரிக்கு வந்துவிடுகிறோம். பாத்திரம் எதையும் இறக்காதே. இடத்தின் எண்ணை மட்டும் அனுப்பு. புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுவருகிறோம், தூக்குவாளியைக் கையோடு திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவேன், உன் கணக்கில் அதற்கு இடமில்லை.

உன்,
சபாபதி