அந்த ஒரு வரியைத் திரையில் காட்டுங்கள்

சாவி பையில் இருந்தாலே திறந்து ஸ்டார்ட் ஆகும் கீலெஸ் கார்களைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கார் சாவியை எப்படிக் கண்டுகொள்கிறது என்று உங்களுக்கே நான் சொல்லத் தேவையில்லை. காரின் ஆன்டெனாக்கள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் குரல் கொடுக்க, சாவி விழித்து ரேடியோவில் பதில் சொல்ல வேண்டும். அதற்குச் சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும்.

போன வாரம் என் சாவியில் அது இல்லை. ஆஸ்பத்திரி வாசலில், டிஸ்சார்ஜ் ஆன அம்மா சக்கர நாற்காலியில். சாவிக்குள் செருகியிருந்த இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தால், அலாரம் ஊரைக் கூட்டியது. செக்யூரிட்டி ஓடிவந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்டார்ட் பட்டனை அமுக்க அமுக்கத் திரையில் ஒரே பல்லவி: ‘சாவி கண்டறியப்படவில்லை’. “கையிலதானடா வச்சிருக்க?” என்றார் அம்மா.

சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் போதுமாம். பேட்டரியே வேண்டாம், அங்குள்ள கம்பிச்சுருள், சாவியின் சிப்புக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே கொடுத்துவிடும். அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. அதைக் கையேட்டுக்குள் புதைத்து வைத்ததுதான் ஏனென்று புரியவில்லை. இடமும் காருக்குக் கார் மாறுகிறது: ஒன்றில் பட்டன், ஒன்றில் ஸ்டியரிங் தண்டு, இன்னொன்றில் கப் ஹோல்டர். சில மாடல்களில் படம் போட்டே காட்டுகிறீர்கள். மற்றவர்கள் என்ன பாவம் செய்தோம்? ‘சாவியை இங்கே பிடிக்கவும்’ என்று எல்லா கார்களிலும் காட்டுங்கள்.

உரிமையாளரிடம் இத்தனை கறார் காட்டும் கார், திருடனிடம் மட்டும் தாராளம். வீட்டு வாசலில் ஒரு கருவி, கார் பக்கத்தில் ஒரு கருவி. வீட்டுக்குள் மாட்டியிருக்கும் சாவியின் பேச்சைக் கடத்திவந்தால் ‘வாங்க, உட்காருங்க’ என்று திறந்துவிடுகிறது. பத்து மாடல்களில் இதைச் செய்துகாட்டியதை ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2011-லேயே வெளியிட்டார்கள். சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் வந்துவிட்டது. அது எல்லா மாடலுக்கும் எப்போது வரும்? அசையாத சாவியைத் தூங்கவைக்கும் சென்சாராவது எல்லாவற்றிலும் வைக்கக் கூடாதா?

சரி, அதற்கு வேறு பாகங்கள் வேண்டும், செலவும் ஆகும். நான் கேட்பது ஒரு வரி. ஓடிக்கொண்டிருக்கும் கார்களுக்கும் சர்வீஸின்போது சாஃப்ட்வேர் அப்டேட்டில் அதைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால், இடத்தைக் காட்டும் ஒரு ஸ்டிக்கராவது ஒட்டிக் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்