மைலேஜ் குறைந்தால் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

இராமநாதபுரத்தில் எங்கள் கார் பட்டறைக்கு வரும் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொஞ்ச காலமாகப் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே குறையைச் சொல்கிறார்கள். "அண்ணே, வண்டி பெட்ரோலாக் குடிக்குது, என்னன்னு பாருங்க." கூடவே, பிளக் மாற்றிவிடலாமா, இன்ஜெக்டரைக் கழுவலாமா, டேங்கில் ஊற்ற ஏதோ பாட்டில் விற்கிறார்களாமே என்று வைத்தியத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றினால் பணம் போகும், குறை அப்படியே இருக்கும். நாங்கள் எதை முதலில் பார்க்கிறோம், ஏன் அப்படிப் பார்க்கிறோம் என்பதை உங்களுக்கு விளக்கவே இந்த மடல். இதில் பாதியை நீங்களே வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துவிடலாம்.

மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. டேஷ்போர்டில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அது வண்டியின் கம்ப்யூட்டர் போடும் கணக்கு. ஐந்நூறு ரூபாய்க்கு அடித்தேன், இவ்வளவு தூரம் ஓடியது என்பதும் கணக்கில் சேராது. பங்க்கில் நாசில் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஊற்ற விடாதீர்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, டேங்க் பாதிக்கு மேல் காலியாகும் வரை வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு அதே பங்க்கில், முடிந்தால் அதே நாசிலில், மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். 412 கிலோமீட்டர் ஓடி 27.5 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 15. இப்படி இரண்டு மூன்று முறை செய்து வரும் எண்தான் பேசத் தகுந்த எண்.

இந்த வட்டாரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், காற்று. மேற்கிலிருந்து வரும் கச்சான் வீசும் மாதங்களில் இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் திரும்பும் வண்டி காற்றை எதிர்த்துத்தான் வர வேண்டும். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் அடிக்கும்போது கதை மாறும், அங்கே போகும்போது எதிர்க்காற்று. 80-இல் போகும் வண்டிக்கு 30 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்று இருந்தால், காற்றைப் பொறுத்தவரை அது 110-இல் போகிற வண்டிதான். அதனால் போகும் வழியை மட்டும் அளக்காதீர்கள், போகவரச் சேர்த்து அளந்து பாருங்கள்.

பங்க்கின் மீது சந்தேகம் இருந்தால் மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எடையளவு முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுக் கேனை ஒவ்வொரு பங்க்கிலும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. "அஞ்சு லிட்டர் அளந்து காட்டுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை.

சரி, அளந்தாயிற்று, குறைவு உண்மைதான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லோருடைய கையும் பானெட்டைத் திறக்கத்தான் போகும். நாங்கள் ஜாக்கியைத்தான் எடுப்போம். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டி ஓடுகிற வண்டிகளுக்கு முதல் எதிரி உப்பு. அந்த உப்பு இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே பிரேக்கைப் பிடித்துவிடும்.

முன் சக்கர டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் என்ற பாகம், பின் எனப்படும் இரண்டு ஆணிகளின் மேல் வழுக்கிப் போய்வரும். மிதித்தால் பேட் என்ற உராய்வுப் பட்டை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை இறுக்கும், காலை எடுத்தால் விலகும். அந்தப் பின்களுக்கு ரப்பர் உறை உண்டு. வெயிலில் அது வெடித்து, உப்புத் தண்ணீரும் நுண்மணலும் உள்ளே போனால் அந்தப் பின்கள் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் காலை எடுத்தாலும் பேட் முழுதாக விலகாது. வண்டி ஓடும், பிரேக்கும் பிடிக்கும், ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் நங்கூரத்தை முழுக்கத் தூக்காமல் படகை ஓட்டுவது போல, இன்ஜின் எந்நேரமும் அந்த உரசலையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நேர் ரோட்டில் ஓட்டிவிட்டு, பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், வேகத்தை மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். இறங்கி நான்கு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருந்தால், சூடாக இருக்கிற பக்கம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு ரிம்மில் மட்டும் கருந்தூள் அதிகமாகப் படிவது, கருகல் வாடை வருவது, வண்டி ஒரு பக்கமாக இழுப்பது எல்லாம் அதே நோயின் அடையாளங்கள். சமதளத்தில் நியூட்ரலில் போட்டு ஒருவர் தள்ளினால் நகர வேண்டிய சிறிய கார் அசைய மறுக்கிறது என்றாலும் அதுவேதான்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் வைத்து, புது ரப்பர் உறை போட வேண்டும். சாதாரண கிரீஸை வைத்தால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும். அதனால் எங்கே செய்தாலும் எந்த கிரீஸ் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். இப்படியே விட்டுவைத்தால் பேட், டிஸ்க், வீல் பேரிங் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கடலோர வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்து தை, மாசியில், பிரேக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

பின் சக்கரத்தில் தொல்லை தருவது பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் கேபிள். கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பலருடைய கார்கள் மாதக்கணக்கில் வீட்டிலேயே நிற்கின்றன. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கடற்காற்றில் கேபிள் துருவேறி, பிரேக் பிடிக்கும் பட்டையான ஷூ, சக்கரத்தின் டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது. திரும்பி வந்து லீவரை இறக்கினாலும் ஷூ இறங்குவதில்லை. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக் வேண்டாம். மீன், நண்டு, இறால் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். அது டிக்கியின் அடியில் இறங்கிப் பின்பக்கத்தையே தின்னும். பெட்டிக்கு அடியில் தார்ப்பாய் விரியுங்கள்.

2017-இல் தனுஷ்கோடியைத் தாண்டிய கடல்முனையான அரிச்சல்முனை வரை ரோடு வந்தபின் வாரம் ஒருமுறை அங்கே போய்வரும் வண்டிகள் நிறைய. போய்வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உவர்ப்பான போர்த் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகத்தான் இருக்கும்.

டயர் காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். டயரின் ஓரத்தில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்க வேண்டாம்.

சக்கரங்கள் நான்கும் லேசாகச் சுற்றுகின்றன என்றால்தான் இன்ஜின் பக்கம் வருவோம். அங்கே எங்களை அதிகம் வருத்துவது தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்குப் போக விடாமல் தடுப்பது அதன் வேலை. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று சில இடங்களில் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இன்ஜின் சுமார் 80, 90 டிகிரிச் சூட்டில் ஓடும்படி செய்யப்பட்டது. வால்வு இல்லை என்றாலோ, திறந்தபடியே மாட்டிக்கொண்டாலோ, கூலன்ட் இடைவிடாமல் ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜின் சூடேறவே ஏறாது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து, கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே என்ன வெயில் அடித்தாலும் இது மாறாது. வெப்ப முள் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகும் நடுவுக்கு வரவில்லை, அல்லது நேர் ரோட்டில் வேகம் எடுத்தவுடன் கீழே இறங்குகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரேடியேட்டரில் போர்த் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. அதனால் உள்ளே பாறை கட்டியது போல உப்புப் படிந்து வால்வையும் சென்சாரையும் கெடுக்கும். கம்பெனி சொல்லும் கூலன்ட் மட்டும் போதும்.

அடுத்தது சென்சார்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரைச் செருகினால், பெட்ரோலைக் கணக்கைவிட எவ்வளவு கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பது சதவீதமாகத் தெரியும். பூஜ்யத்தை ஒட்டி ஏறி இறங்கினால் நல்லது. தொடர்ந்து 10-க்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தால், கூட்டச் சொல்வது எது, அது சொல்வது உண்மையா என்று தேட வேண்டும். பலர் இந்த இடத்தில் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும், விலை அதிகமான பாகம் அது. கடலோர வண்டிகளில் அதற்கு முன்னால் வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். சைலன்சர் பைப் துருப்பிடித்து, சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்திருந்தால், வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றும். பெட்ரோல் போதவில்லை என்று அது சொல்லும், கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும். இன்னொன்று, வயர் இணைப்புகளில் உப்புக் காற்றால் பூக்கும் பச்சைக் களிம்பு. அதைச் சுத்தம் செய்தாலே பல நேரம் கணக்கு சரியாகிவிடும்.

ஏர் ஃபில்டரைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அடைத்த ஃபில்டர் மைலேஜைக் கெடுத்தது உண்மை. இன்றைய பெட்ரோல் வண்டிகளில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இழுவை குறையும், மைலேஜ் அவ்வளவாக மாறாது. தனுஷ்கோடி மணலில் ஓடும் வண்டிக்கு ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டும்தான், ஆனால் அது இன்ஜினைக் காப்பாற்ற. மைலேஜ் கூடும் என்று சொல்லி அதை உங்களுக்கு விற்க எங்களுக்கு மனம் வராது.

எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்வி, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் ஓரளவு குறையவே செய்யும். இதற்கென வடிவமைக்காத பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதாவது 18 கொடுத்த வண்டி 17-க்குச் சற்றுக் கீழே இறங்கலாம். உங்கள் வண்டி 18-லிருந்து 13-க்கு வந்திருந்தால் அந்தப் பழியை எத்தனால் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், உள்ளே வேறு கோளாறு இருக்கிறது.

ஓட்டும் விதமும் கணக்கில் உண்டு. 80-இல் போகும்போது இருப்பதைவிட 100-இல் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் அதிகம். மேலே கேரியரில் மூட்டை கட்டினால் அது இன்னும் கூடும். யாத்திரை சவாரி ஓட்டும் தம்பிகளுக்கு ஒன்று: ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தில் ஏசியைப் போட்டபடி மணிக்கணக்கில் நின்றால், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலேயே ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் போய்விடும். அந்த நாளின் கணக்கை வைத்து வண்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

எங்களிடம் வரும்போது, எத்தனை லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று குறித்த தாளைக் கையோடு கொண்டுவாருங்கள். எப்போதிலிருந்து குறைந்தது, அதற்குக் கொஞ்சம் முன்பு டயர், பேட்டரி, பிரேக் வேலை ஏதாவது செய்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். பிரேக் பிடிப்பைப் பார்க்க வேண்டுமானால் ஓட்டி வந்த சூட்டோடு எங்களிடம் விடுங்கள். தெர்மோஸ்டாட்டும் சென்சாரும் பார்க்க வேண்டுமானால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுப் போங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதுதான் அவற்றின் குறை தெரியும். கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் உங்கள் கண்ணில் காட்டி, ஏன் மாற்றினோம் என்று சொல்லித்தான் பில் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் பட்டறையினர்
இராமநாதபுரம்