முப்பது நாள் தனிக்கூண்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். கண்காட்சியில் உன் விடைக்கோழி தன் வகுப்பில் முதல் பரிசு பெற்றதை உன் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். படத்தையும் அவன்தான் அனுப்பினான். நீயே ஒரு வரி எழுதியிருக்கலாம். அது போகட்டும், முதலில் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. திரும்பி வந்த கோழியை எங்கே விட்டாய்? பழைய கொட்டிலில் மற்றவற்றோடு விட்டிருந்தால், இந்தக் கடிதத்தை இங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய் அதைத் தனியே பிரித்து வைத்துவிட்டு வந்து படி.

முப்பது நாள். அதற்கு ஒரு நாளும் குறையக்கூடாது. கொட்டிலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, தனிக் கூண்டும், தனித் தீவனத் தட்டும், தனித் தண்ணீர்த் தட்டும் வேண்டும். காலையில் வீட்டுக் கோழிகளை முதலில் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில்தான் அதனிடம் போக வேண்டும். அங்கே போட்டுக்கொள்ளும் செருப்பு கொட்டிலுக்குள் வரக்கூடாது. பறவை சுறுசுறுப்பாக இருக்கிறது, நன்றாகத் தின்கிறது என்று எண்ணி இருபதாம் நாளே மனம் இளகிவிடும். இளகாதே.

படத்தைப் பலமுறை பார்த்தேன். உன் கோழியின் இனமான வெள்ளிக்கரை வயாண்டாட்டில், ஒவ்வொரு வெள்ளை இறகையும் சுற்றிக் கறுப்புக் கரை ஒரே அகலத்தில் ஓட வேண்டும் என்பதைச் சொல்வது எளிது, வளர்ப்பில் கொண்டுவருவதற்குள் ஆண்டுகள் போய்விடும். கரைக்கு அப்பால் மறுபடியும் வெள்ளை பூத்துவிடுவது இந்த நிறத்தின் தீராத குறை. உன் கோழியின் மார்பில் அதைத் தேடினேன், கிடைக்கவில்லை. முட்டையிடத் தொடங்கியதும் காலின் மஞ்சள் நிறம் முட்டையின் கருவுக்குள் போய்க் கால்கள் வெளுத்துவிடும் என்பதால், முதல் முட்டைக்கு முன்பே காட்சிக்குக் கொண்டுபோனாயே, அந்தக் கணக்கு எனக்குக்கூடத் தோன்றியிராது. தலையோடு படிந்த ரோஜாக் கொண்டையின் பின்நுனியும் மேலே தூக்கிக்கொள்ளாமல் பிடரியின் வளைவோடு இறங்குகிறது. இந்தக் கொட்டிலில் அப்படியொன்று பிறந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கால் செதில்களுக்கு அடியில் அழுக்கு தெரிகிறது. மரக்குச்சியின் நுனியால் ஒவ்வொரு செதிலாகத் தள்ளி எடுக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தரவில்லையா? காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெதுவெதுப்பான நீரில் சோப்பிட்டுக் குளிப்பாட்டி, நுரை போக அலசி, இறகின் போக்கிலேயே துடைத்து, காற்றுப்படாத சூடான இடத்தில் காயவைத்தாயா? அது ஒருவர் செய்யும் வேலை அல்ல. ஒருவர் சிறகுகளை அணைத்துப் பிடித்தால்தான் மற்றவர் நீர் ஊற்ற முடியும். மாப்பிள்ளை பிடித்துக்கொண்டாரா என்று தம்பியிடம் கேட்டேன். அவன் நடுவர் எப்படிக் கோலால் பறவையை நிமிர்த்திப் பார்த்தார் என்று விவரிக்கத் தொடங்கிவிட்டான்.

அடுத்த தலைமுறையில் ஒற்றைக் கொண்டைக் குஞ்சு ஒன்றிரண்டு பொரித்தால் வருந்தாதே. அவை கண்காட்சிக்கு ஆகாவிட்டாலும் இணைசேர்க்கைக்கு உதவும்; தாய், தந்தை இரு பக்கத்திலிருந்தும் ரோஜாக் கொண்டையையே பெற்ற சேவல்களிடம் கருவளம் குறைவு. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததையே எழுதுகிறேன்.

தனிக்கூண்டு விஷயத்தை மட்டும் தெரிந்ததென்று தள்ளிவிடாதே. 1845-ஆம் ஆண்டு லண்டன் விலங்குத் தோட்டத்தில் கோழிக் காட்சி நடத்தினார்களே, அந்தக் காலத்திலிருந்தே கண்காட்சிக்கு இரண்டு பக்கம் உண்டு: எங்கெங்கோ வளர்ந்த பறவைகளை ஒரே கூரையின் கீழ் ஒப்பிட முடிந்தது, அவை எல்லாம் ஒரே காற்றை மூச்சிழுக்கவும் வேண்டியதாயிற்று. வெள்ளைக்கழிச்சல் நோய் கோழியின் உடலுக்குள் புகுந்தபின் வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். தடுப்பூசி போட்ட பறவை நோயில் விழாமலே கிருமியை மற்றவற்றுக்குப் பரப்பவும் கூடும். அது நிமிர்ந்து நிற்கும், கூவும், பார்ப்பவர்க்கு ஒரு குறையும் தெரியாது.

மெத்தை என்று நாம் கூப்பிட்ட கோழி செத்த ஆண்டை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு அப்போது பதினொரு வயது. கழுத்து பின்னோக்கி முறுக்கிக்கொண்டு, தீவனத்தைக் கொத்தப் போய் ஒவ்வொரு முறையும் வெறுந்தரையைக் கொத்திய அந்தக் கொச்சின் கோழியை மடியில் வைத்துக்கொண்டு நீ விடியும்வரை உட்கார்ந்திருந்தாய். பத்து நாளில் இருபத்தி மூன்று போயின. தண்ணீர்த் தட்டை நீ தேய்க்காமல் விட்டதால் வந்தது என்று அப்பாவிடமும் உன்னிடமும் நான் சொன்னேன். ஒரு முறை அல்ல, அந்த ஆண்டு முழுவதும் சொன்னேன்.

அது பொய். கண்காட்சியில் கோப்பை வாங்கிய கறுப்புச் சேவலை, அன்று மாலையே நான்தான் கொட்டிலுக்குள் விட்டேன். தனிக்கூண்டு கழுவாமல் கிடந்தது, எனக்குக் களைப்பாக இருந்தது, சேவலோ நன்றாகவே தெரிந்தது. தடுப்பூசியும் காட்சிக்குப் போகும் என்பதற்காக அதற்கு மட்டுமே போட்டிருந்தேன். மற்றவற்றை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தேன். எல்லாம் செத்த பிறகும் அந்தச் சேவல் மட்டும் காலையில் கூவிக்கொண்டிருந்ததே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தட்டில் ஒரு குற்றமும் இல்லை.

நீ அதன்பின் பள்ளிப் படிப்பு முடியும்வரை ஒரு நாள் தவறாமல், மழையிலும் காய்ச்சலிலும், எல்லாத் தட்டுகளையும் தேய்த்தாய். விரல் நுனிகள் வெடித்திருந்ததைப் பார்த்தேன். தட்டுகள் சுத்தமாக இருந்தன, அதனால் நான் வாய் திறக்கவில்லை. பொறுப்பான பெண் என்று வந்தவர்களிடம் பெருமையும் பேசினேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டதற்கு என்னிடம் காரணம் ஏதும் இல்லை.

இப்போது ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ கண்காட்சிக்குப் போயிருந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்த கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தது யார்? யாரும் இல்லையென்றால் இல்லையென்றே எழுது; ஏன் இல்லை என்று நான் கேட்கமாட்டேன். அடுத்த முறை போவதற்கு முன் நாளைச் சொல். முன்தினமே வந்துவிடுகிறேன். என் கோழிகளைத் தொட்ட துணியோடும் செருப்போடும் வரமாட்டேன், எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே வருவேன். தட்டுகளையும் நீ தேய்த்து வைத்துவிட்டுப் போகாதே, நான் தேய்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா