சுழற்சியில் தெரியும் வயது

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

ஒரு விண்மீனின் வயதை அதன் சுழற்சியைக் கொண்டு எவ்வாறு சொல்கிறார்கள் என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டாய். அவசரத்தில் சொல்லி முடிக்கும் விடயம் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

வீட்டு முற்றத்தில் சிறு தொலைநோக்கியால் சூரியனின் விம்பத்தை வெள்ளைத்தாளில் விழுத்தி, அதன் கரும்புள்ளியை நாளாந்தம் பென்சிலால் குறித்தோமே, ஒரு விளிம்பில் தோன்றிய புள்ளி மறு விளிம்பில் மறைய இரண்டு கிழமைக்குக் கிட்ட எடுத்தது. சூரியன் தன் நடுக்கோட்டில் ஒரு சுற்றுச் சுழல ஏறத்தாழ 25 நாட்கள் ஆகின்றன. கார்த்திகைக் கூட்டத்திலுள்ள சூரியனையொத்த விண்மீன்கள் பலவற்றுக்கோ ஐந்து நாட்களே போதும். அவற்றின் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். சூரியனுக்கு 460 கோடி.

வயது ஏற ஏறச் சூரியனின் சுழற்சியைத் தளர்த்தியது அதிலிருந்து ஓயாமல் வீசும் காற்றுத்தான். அக்காற்றோடு போகும் பொருள் மிகச் சொற்பம். ஆயினும் மின்னேற்றம் கொண்ட அத்துகள்களைக் காந்தப்புலம் சூரியனின் ஆரையைப் போலப் பல மடங்கு தூரம் வரை பிடித்திருப்பதால், வாவியில் வீச்சுவலை எறிபவரின் உடற்சுழற்சியை விரிகின்ற வலை வாங்கிக்கொண்டு போவதுபோல, அவை பெருமளவு கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் உந்தத்தை, எடுத்துச் செல்கின்றன. காற்று அந்தப் பிடியிலிருந்து விடுபடும் எல்லையை 2021 ஏப்ரலில் பார்க்கர் விண்கலம் முதன்முறையாகக் கடந்து உள்ளே சென்றது. இத்தனை மெல்லிய ஒன்று இத்தனை பெரியதை அடக்குவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

1972 இல் ஸ்குமானிச் என்ற அமெரிக்க வானியலாளர், கார்த்திகையையும், ரோகிணியைச் சூழ்ந்து தெரியும் கூட்டத்தையும், சூரியனையும் ஒப்பிட்டு, சுழல்வேகம் வயதின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது என்று ஒரு சிறு கட்டுரையில் காட்டினார். (ரோகிணி அக்கூட்டத்தைச் சேர்ந்ததன்று, நமக்கு அருகில், இடையில் நிற்கிறது.) வயது நான்கு மடங்கானால் ஒரு சுற்றுக்கான காலம் இரு மடங்காகும். பின்னர் கெப்லர் விண்தொலைநோக்கி, கரும்புள்ளிகள் முன்பக்கம் வரும்போதெல்லாம் ஒளி சற்று மங்குவதை அளந்து, பல்லாயிரம் விண்மீன்களின் சுழற்சியைக் கணித்தது.

ஆனால் இவ்விதியை எல்லா விண்மீன்களுக்கும் பொருத்திவிடாதே. சூரியனைவிட வெப்பம் கூடியவற்றில் காந்தப்புலம் வலுவற்றிருப்பதால் அவை அதிகம் தளர்வதில்லை. சூரியனையொத்தவற்றிலும், நடுவயது கடந்தவை எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்கின்றன என்பதை 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அத்தகையவற்றின் வயதை, அவற்றின் உள்ளே எழும் அதிர்வுகளைக் கொண்டே கணிக்கிறார்கள். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா