மூன்று மீட்டர் அறை

தண்டையார்பேட்டை,
சென்னை - 81.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். மறுமொழி எழுத இத்தனை நாள் ஆனதற்கு உன் கேள்வியே காரணம். "கையில் எடுத்தால் கனக்காத ஒன்றைச் சிற்பம் என்று சொல்லி எப்படிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். மாமல்லபுரத்தில் முப்பது ஆண்டுகளாகக் கருங்கல்லோடு மல்லுக்கட்டுகிறவன் கேட்க வேண்டிய கேள்விதான். விடையை வார்த்தையில் தேடிக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை வகுப்பில் அது தானாக வந்து சேர்ந்தது. அதை எழுதுவதற்கு முன்னால், நான் செய்துகொண்டிருப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். போனில் அரைகுறையாகச் சொன்னதில் உனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வியாசர்பாடியில் ஒரு சிறிய நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் 11 பிள்ளைகள்; யாரோ கழித்துப்போட்ட 6 கணினிகள்; மின்சாரம் போனால் பத்து நிமிடம் தாங்கும் ஒரு யூபிஎஸ். அங்கே நாங்கள் வரைவதும் கட்டுவதும் கணினிக்குள் இருக்கும் ஒரு வெளியில். சான் பிரான்சிஸ்கோவில் லிண்டன் லேப் என்ற நிறுவனம் 2003 இல் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. பலர் அதை விளையாட்டு என்று நினைக்கிறார்கள். அதில் மதிப்பெண்ணும் கிடையாது, வெற்றி தோல்வியும் கிடையாது. கடல், மண், வானம் ஆகியவற்றைத் தவிர அங்கே கண்ணில் படும் பொருள்களில் பெரும்பாலானவை அங்கு வருகிறவர்களே செய்தவை. உள்ளே நடமாட நமக்கு ஓர் உருவம் கிடைக்கும்; அவதார் என்ற நம் சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். 16 வயது நிரம்பாதவர்கள் தாமாக அந்த உலகத்துக்குள் போக முடியாது என்பதால், அதே முறையில் இயங்கும் ஓப்பன்சிம் என்ற இலவச மென்பொருளை எங்கள் கணினி ஒன்றிலேயே நிறுவி, எங்களுக்கென்று தனி உலகம் வைத்திருக்கிறோம்.

பொருள் செய்வது எப்படி என்று கேட்பாய். தரையைச் சுட்டி ஒரு தட்டுத் தட்டினால் அரை மீட்டர் பெட்டி ஒன்று வந்து நிற்கும். அதன் மேல் ஒட்டுப்பலகையின் ரேகை ஓடும். பிளைவுட் கடையில் வாங்கிவந்தது போலவே இருக்கும். இதைப் பிரிம் என்பார்கள். பெட்டி, உருண்டை, உருளை, வளையம் என்று சில அடிப்படை வடிவங்கள்தாம் உண்டு. அவற்றைக் குடையலாம், வெட்டலாம், முறுக்கலாம், ஒரு முனையைக் கூராக்கலாம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உருண்டையைச் சற்று அமுக்கி, மேலே கூம்பிய உருளை ஒன்றைக் கழுத்தாக வைத்து, வாய்க்கு ஒரு வளையத்தைப் பொருத்தி, மூன்றையும் ஒன்றாகக் கோத்துப் பிளாஸ்டிக் குடம் செய்தான். தண்ணீர் லாரி வரும் தெருவில் வளர்ந்தவனுக்குக் குடத்தின் இடுப்பு எங்கே ஒடுங்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. செய்கிற ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று அனுமதிகள் உண்டு: அடுத்தவர் அதை நகலெடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா என்று செய்தவரே தீர்மானித்துக் குறியிட வேண்டும். அவன் மூன்றையும் திறந்துவிட்டான். இன்றைக்கு எங்கள் உலகத்தில் எல்லா வீட்டு வாசலிலும் அவன் குடம்தான் நிற்கிறது. பச்சை, மஞ்சள், ஊதா என்று நிறம் மட்டும் வேறு.

இனி உன் கனத்துக்கு வருகிறேன். அந்த உலகத்தில் ஒரு பெட்டியை ஆகாயத்தில் விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். விழ வேண்டும் என்று தனியாகச் சொன்னால்தான் விழும். முதல் மாதத்தில் இது எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. கல்லூரியில் படித்த காலத்தில் நாமிருவரும் மெரினாவுக்குப் போய்ச் சிற்பி ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தது நினைவிருக்கிறதா? 1959 இல் நிறுவிய அந்தச் சிலையைக் காட்டி, இதைப் போலப் பாறையைப் புரட்டும் நான்கு உருவங்களைக் கட்டுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். கட்டினார்கள். நான்கு பேரும் ஒரு பலூனைத் தொட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. பாறையைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், கருப்பாக்கிப் பார்த்தார்கள், சொரசொரப்பான தோற்றம் கொடுத்தார்கள். பலூன் பெரிதானதுதான் மிச்சம். பிறகு நூலகத்தின் இரும்பு பீரோவை எல்லாரையும் தள்ளச் சொல்லி, தள்ளுகிறவனின் குதிகால், முழங்கால், தோள்பட்டை ஆகியவற்றைப் பென்சிலால் வரையவைத்தேன். அடுத்த வாரம் பாறையைத் தொடாமல் மனிதர்களின் கால்களை மட்டும் மாற்றினார்கள். பாறை கனத்தது. நீ கல்லில் செய்யும்போது கனம் உனக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. இந்தப் பிள்ளைகள் அதைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. உன்னைச் சீண்டுவதற்காக இதை எழுதவில்லை, கொஞ்சம் சீண்டலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

இருந்தாலும் நான் எழுத வந்தது கனத்தைப் பற்றியும் அன்று, இடத்தைப் பற்றி. செகண்ட் லைஃபிலும் ஓப்பன்சிமிலும் நிலத்தின் அடிப்படை அளவு 256 மீட்டருக்கு 256 மீட்டர், நம் கணக்கில் 16 ஏக்கருக்குச் சற்று மேல். ஒற்றை அறையில் ஐந்து பேராகப் படுத்துறங்கும் பிள்ளைகளுக்கு 16 ஏக்கரைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? அரண்மனைதான் கட்டினார்கள். பளிங்குத் தூண், மாடத்தில் நீச்சல் குளம், பதினைந்து படுக்கையறை. நான் தடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவர்களுக்கே அலுத்துப்போயிற்று. அத்தனை அறைகளில் என்ன வைப்பது என்று தெரியவில்லை.

அப்போது பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், எங்க வீட்டை அப்படியே கட்டட்டுமா?" என்று கேட்டாள். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு. அளவு நாடாவைக் கொடுத்தனுப்பினேன். 10 அடிக்கு 10 அடி அறை, கதவு, பீரோ, பரண், தொட்டில் கட்டும் கொக்கி, டிவி வைத்திருக்கும் அலமாரி என்று எல்லாவற்றையும் அளந்து, ரூல்டு நோட்டில் வரைபடம் போட்டுக் கொண்டுவந்தாள். அடியை மீட்டராக்கி 3.05 என்று கட்டி முடித்து, தன் அவதாரை உள்ளே நடக்கவிட்டாள். உள்ளே போனதும் திரையில் தெரிந்தது அறை அன்று, வெளிச்சுவரின் முதுகு.

காரணம் எளியது. அந்த உலகத்தில் நாம் பார்ப்பது அவதாரின் கண் வழியாக இல்லை. ஒரு கேமரா ஏறத்தாழ 3 மீட்டர் பின்னால், தலைக்குச் சற்று மேலே, அவதாரைத் தொடர்ந்து வருகிறது. மூன்று மீட்டர் அறைக்குள் அவதார் நுழைந்தால் கேமரா சுவருக்கு வெளியே நின்றுவிடும். போதாததற்கு அங்கே 2 மீட்டருக்கு மேல் உயரமான உருவங்கள் சாதாரணம். ஆகவே அங்கே வீடு கட்டுகிறவர்கள் அறைகளை இயல்பைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் இடம் உண்டு என்று சொல்லிக்கொள்ளும் உலகத்தில், எங்கள் பகுதியின் பாதி வீடுகளுக்குள் நுழையவே வழியில்லை! அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அறையைப் பெரிதாக்கிவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

அதற்கு ஒரு வழி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. விசைப்பலகையில் M என்ற எழுத்தை அழுத்தி மவுஸ்லுக் என்ற பார்வைக்கு மாறினால் கேமரா அவதாரின் தலைக்குள் வந்துவிடும். உன் உடல் உனக்குத் தெரியாது, எதிரில் இருப்பது மட்டும் தெரியும். அப்படி மாறியதும் அறை அறையானது. பீரோ நெஞ்சுக்கு நேரே நின்றது. திரும்ப வேண்டுமென்றால் நின்ற இடத்திலேயே சுழல வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வேடிக்கை பார்க்க முடியாத, உள்ளே இருந்தால் மட்டுமே தெரியும் சிற்பம் என்று நாம் கல்லூரியில் மணிக்கணக்காகப் பேசினோமே, அதை ஒரு பதினாறு வயதுப் பெண் செய்துவிட்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: "M விசையை அழுத்திவிட்டு உள்ளே வரவும்."

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. 1977 இல் இத்தாலியின் போலோன்யா நகரக் கலைக்கூடத்தின் வாசலில் தம் உடலையே கலையாக்கி நிகழ்த்தும் கலைஞர்களான மரீனா அப்ராமோவிச்சும் உலாயும் ஆடையின்றி எதிரெதிரே நிற்க, பார்வையாளர்கள் அவர்களுக்கிடையே ஒருக்களித்து நுழைய வேண்டியிருந்த நிகழ்ச்சியைப் படித்திருக்கிறோம். முப்பது ஆண்டு கழித்து இவா, பிராங்கோ மாத்தெஸ் என்ற இத்தாலியத் தம்பதி அதை செகண்ட் லைஃபில் அவதார்களைக் கொண்டு மறுபடி நிகழ்த்தினார்கள். உரசினாலும் உறைக்காத உடல்களுக்கிடையே நுழைவதில் என்ன இருக்கிறது என்று அவர்களும் கேட்டுப்பார்த்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. (பிள்ளைகளுக்கு இதைக் காட்டவில்லை, நூலகர் என்னை விரட்டிவிடுவார்.) அவர்களுக்குக் காட்டியது சீனக் கலைஞர் சாவ் ஃபெய் அதே உலகத்தில் கட்டி 2011 வரை நடத்திய ஆர்எம்பி சிட்டி என்ற கற்பனை நகரத்தின் படங்களை. ஒலிம்பிக் அரங்கமும் வானத்தில் மிதக்கும் பாண்டாவும் அதில் அருகருகே இருக்கும். தன் ஊரைக் கேலியும் பாசமுமாகக் கலைத்து அடுக்கலாம் என்பதை அவர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். இப்போது இரண்டு பையன்கள் காசிமேட்டு விசைப்படகுகளைப் பேசின் பிரிட்ஜ் தண்டவாளத்தின் மேல் வரிசையாக ஓடவிடுகிறார்கள். நன்றாக வருமா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

போன சனிக்கிழமை பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தோம். அந்தப் பெண்ணின் அம்மா வேலை முடிந்து நேராக வந்தார். மவுஸைப் பிடித்துப் பழக்கமில்லாததால் மகளின் கை மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படியேறி வாசலுக்கு வந்து கதவைத் தொட்டதும் அது பாதி திறந்து நின்றுவிட்டது. கதவைத் திறந்து மூடவைக்கும் கணினிக் கட்டளைகளாக எங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் நிரல்கள் எல்லாம் 90 பாகை திறப்பவை. இந்த வீட்டில் அப்படித் திறந்தால் கதவு பீரோவை ஊடுருவிக்கொண்டு போகும். நிஜ வீட்டில் கதவு பீரோவில் இடித்து நிற்பதை அளந்து, நிரலில் 90 என்றிருந்ததை 55 ஆக மாற்றி வைத்திருந்தாள் அந்தப் பெண். அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தன்னையறியாமல் இடது தோளை உள்ளே இழுத்துக்கொண்டு சற்று ஒருக்களித்தார். தினமும் அந்த வாசலில் அப்படித்தான் நுழைவார் போலும். கனக்கவில்லையே என்று கேட்டாய் அல்லவா? அந்தத் தோளைப் பார்த்த பிறகுதான் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் போல ஆகிவிடும். 2021 இல் ஃபேஸ்புக் நிறுவனம் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டபோது மெய்நிகர் உலகங்களைப் பற்றி எழுந்த ஆரவாரத்தில், இனிப் பள்ளிக்கூடமே இப்படித்தான் என்று பேசியவர்களை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. பென்சில் பிடிக்கும் கை இதனால் வளராது. ஆகவே தாளில் வரைந்து காட்டாமல் யாரும் கணினியைத் தொடக்கூடாது என்று வைத்திருக்கிறேன். இன்னொன்று, இடம் நம்முடையது இல்லை என்றால் எதுவும் நம்முடையது இல்லை. ஓப்பன்சிமுக்கு வருவதற்கு முன்னால், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வேறொரு இடத்தில் ஓராண்டு வகுப்பு நடத்தினோம். ஒருநாள் மூடப்போகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. பொருள்களைத் தனித்தனியாக இறக்கிக்கொள்ள முடிந்தது. எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற அடுக்கு போய்விட்டது. குப்பைமேட்டில் வீட்டுச் சாமானைப் பார்ப்பது போல இருந்தது. ஓப்பன்சிமில் நிலம், அதன் மேலுள்ள பொருள்கள், நிரல்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஓஏஆர் என்ற ஒரே கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு முடிந்ததும் அதை இரண்டு பென் டிரைவில் எடுக்கிறோம். ஒன்று நூலகரின் மேசையில், மற்றொன்று என் வீட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால். என் மனைவிக்கு அது என்னவென்று தெரியாது. தூசி தட்டும்போது மட்டும் பத்திரமாக எடுத்து வைக்கிறாள்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. உன் பட்டறையின் நீளம், அகலம், கூரை உயரம் ஆகியவற்றை அடிக்கணக்கில் அளந்து எழுதி அனுப்பு. உளிகள் மாட்டியிருக்கும் சுவர் எது, நீ எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாய், கல் எங்கே கிடக்கும் என்பதையும் குறித்துவிடு. முடிந்தால் உளி கல்லில் படும் ஓசையைப் பத்து வினாடி போனில் பதிந்து அனுப்பு. அடுத்த மாதம் பிள்ளைகள் தங்கள் வீடு அல்லாத ஓர் இடத்தைக் கட்ட வேண்டும், உன் பட்டறையையே கொடுப்பதாக இருக்கிறேன். கட்டி முடித்ததும் பேருந்து ஏறி வந்து பார்த்து, எங்கே தவறு என்று சொல். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அவர்களைத் திட்டாதே.

உன் அன்பு நண்பன்