சேற்றில் உட்கார்ந்த படகுகள்

ஹாம்பர்க், ஜெர்மனி,
மார்ச் 24

அன்பு நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டபிறகுதான் நிம்மதி. நீ படிக்கத் தோதாகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் மகன் என்னை ஹூசும் என்ற சின்ன ஊருக்கு அழைத்துப்போனான். இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், வட கடல் ஓரம். போய்ச் சேர்ந்தபோது துறைமுகத்தில் தண்ணீரே இல்லை. படகெல்லாம் சேற்றில் உட்கார்ந்திருந்தது. நம் கூனி போன்ற பொடி இறாலை ரொட்டிக்கு நடுவே வைத்துத் தந்தார்கள். தின்றுவிட்டு ஊரைச் சுற்றி, மாலையில் அதே இடத்துக்கு வந்தால் தண்ணீர் தளும்புகிறது, படகுகள் ஆடுகின்றன! 1362-ல் ஒரு பெரும் புயல்வெள்ளம் ருங்ஹோல்ட் என்ற ஊரையே விழுங்கியது. அந்த வெள்ளம் நிலத்தை அறுத்துக்கொண்டு வந்ததால்தான் ஹூசுமுக்குக் கடல்வழி கிடைத்தது. அதை நினைத்தபடி கரையில் வெகுநேரம் நின்றேன்.

தியோடோர் ஷ்டோர்ம் 1817-ல் ஹூசுமில் பிறந்தவர். வக்கீல், கவிஞர். தன் ஊரைச் சாம்பல் நிற ஊர் என்றே பாடினார். காடு இல்லை, ஓயாமல் பாடும் பறவை இல்லை, ஆனாலும் மனசு அங்கேயே கிடக்கிறது என்று. அப்போது அந்தப் பகுதியை ஆண்ட டென்மார்க்கை எதிர்த்ததால் 1852-ல் வக்கீல் தொழில் பறிபோய், ஊரைவிட்டே போனார். 1864-ல்தான் திரும்ப முடிந்தது.

1888-ல், அவர் இறந்த வருடம், வெளிவந்த கதை 'வெண்குதிரைக்காரன்'. கடலைத் தடுக்கும் கரை கட்டுகிறவனின் கதை. கடல் பக்கம் செங்குத்தாக இருப்பதால்தான் கரை உடைகிறது, சரிவாக எழுப்பினால் அலை ஏறி அடங்கும் என்று சிறுவனாக இருக்கும்போதே களிமண்ணில் செய்து பார்க்கிறான். பெரியவனாகி அப்படியே கட்டுகிறான். புயலில் அவன் கட்டிய புதுக்கரை நிற்கிறது. பழைய கரை உடைந்து, மனைவியும் குழந்தையும் அவன் கண்ணெதிரே வெள்ளத்தில் போக, அவனும் குதிரையோடு பாய்ந்துவிடுகிறான். அந்தச் சேற்றைப் பார்த்த பிறகு அந்த முடிவு என்னை விடவே இல்லை.

ஹூசும் அரண்மனைப் பூங்கா முழுக்க, குங்குமப்பூ இனத்தைச் சேர்ந்த ஊதா நிறக் குரோக்கஸ் பூக்கள். எழுத்தாளர் ஃபிரான்சிஸ்கா ரேவென்ட்லோ 1871-ல் அந்த அரண்மனையில்தான் பிறந்தார்.

உனக்குச் சொல்ல நினைத்தது வேறு. பக்கத்தில் கார்டிங் என்று இன்னும் சின்ன ஊர். ரோம வரலாறு எழுதி 1902-ல் இலக்கிய நோபல் வாங்கிய தியோடோர் மோம்சன் அங்கே பிறந்தார், அதுவும் 1817-ல்தான். கீல் நகரில் சட்டம் படிக்கும்போது ஷ்டோர்மும் அவரும் நண்பர்களானார்கள். மோம்சனின் தம்பி டூகோவையும் சேர்த்துக்கொண்டு 1843-ல் 'மூன்று நண்பர்களின் பாட்டுப் புத்தகம்' போட்டார்கள். மூன்று பேர், இருபதுகளில்!

நம் கையெழுத்துப் பத்திரிகை ஞாபகம் வந்துவிட்டதடா. முதல் இரண்டு இதழ் உன் மரப்பெட்டியில் இருக்கும், கண் தெளிந்ததும் தேடிப் பார். மூன்றாவதை நம் மூன்றாம் நண்பன்தான் வைத்திருந்தான். அவன் மகளிடம் கேட்டுப் பாரேன். கிடைத்தால் நகல் எடுத்து அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்