கடன் தவணை தொடங்கும் முன் வன்னியின் விளைச்சலைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் பொருளாதாரம் மீண்டுவிட்டதென்ற தொனியில் அண்மைக்காலமாக வெளிவரும் செய்திகள் குறித்து, வடக்கின் வன்னிப் பகுதியில் நெற்செய்கையில் ஈடுபட்டுவரும் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற வகையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2022 செப்ரெம்பரில் 70 சதவீதத்தை அண்மித்த பணவீக்கம் அடங்கியதும், அவ்வாண்டில் 7 சதவீதத்துக்கும் மேலாகச் சுருங்கிய பொருளாதாரம் 2024இல் 5 சதவீதம் வளர்ந்ததும் உண்மையே. ஆயினும் இந்த ஆறுதலில் ஒரு பங்கு, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்தியதாலும், பின்னர் மறுசீரமைப்பில் தவணைகள் தள்ளிப்போனதாலும் கிடைத்த அவகாசம். 2028 முதல் அந்தச் சுமை மீண்டும் ஏறத் தொடங்கும். அதுமட்டுமன்றி, 2024 டிசெம்பரில் மாற்றிக் கொடுக்கப்பட்ட சர்வதேசப் பிணைமுறிகளில் (வெளிநாட்டு முதலீட்டாளரிடம் அரசு பெற்ற கடனுக்கான பத்திரங்களில்) ஒரு பகுதி, 2025 முதல் 2027 வரையான தேசிய உற்பத்தி டொலர் கணக்கில் எதிர்பார்ப்பை மிஞ்சினால் நாம் கட்டவேண்டிய தொகையும் கூடும் வகையில் அமைந்துள்ளது. வளர்ச்சி வீதத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிடும் பத்திரிகைகள் இந்த நிபந்தனையையும் ஒரு வரியில் சேர்த்தால் நன்று.

மத்திய கிழக்கில் உழைப்போர் அனுப்பும் பணமும், எரிபொருள் விலையும், எமது ஏற்றுமதிகளுக்கு 2025இல் அமெரிக்கா 44 சதவீதமென அறிவித்துப் பின்னர் 20 ஆகக் குறைத்த தீர்வையும் நம் கையில் இல்லை. இத்தகைய தீர்வை, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் எமது பிள்ளைகளின் சம்பளத்தோடு தொடர்புடையது. டித்வா புயலுக்குப் பின் சர்வதேச நாணய நிதியம் வழங்கிய சுமார் 20 கோடி டொலர் அவசர உதவியும் கடன்தான்.

நம் கையில் இருப்பது விளைச்சல். காலபோக (மாரிகாலப் பெரும்போக) அறுவடை வந்ததும், ஈடு வைத்த நகையை மீட்கவும் உரக்கடனை அடைக்கவும் வேண்டியிருப்பதால், வெட்டு இயந்திரம் கொட்டிய ஈரநெல்லை வயல்வரம்பிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். அரசின் உத்தரவாத விலையோ 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லுக்குரியது. காயவைக்கக் களமில்லை, காப்பெற் வீதியின் ஓரந்தான் எங்கள் களம். 2025இல் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என அறிவிக்கப்பட்டபோது பெப்ரவரி பிறந்து, பல இடங்களில் அறுவடையும் தொடங்கியிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் தட்டுப்பாட்டைக் காட்டி டொலர் கொடுத்து அரிசி இறக்கினார்கள். வன்னி நெல் தெற்கின் ஆலைகளுக்கு லொறியேறிப் போய், அரிசியாகி எமது கடைகளுக்கே கூடிய விலையில் திரும்பி வருவதையும் யாரும் நட்டமாகக் கணக்கிடுவதில்லை.

ஆகவே, உத்தரவாத விலையை மார்கழி முடிவதற்குள் அறிவித்து, நெல் சந்தைப்படுத்தல் சபைக்கான கொள்வனவு நிதியைத் தை மாதத்திலேயே விடுவிக்குமாறும், வன்னியின் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உலர்த்தும் இயந்திரங்களையும் களஞ்சியங்களையும் 2028இற்கு முன்னரே அமைத்துக் கொடுக்குமாறும் எமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் கோர வேண்டும்.

இங்ஙனம்,
நெற்செய்கையாளர் ஒருவர்,
கிளிநொச்சி.